நடந்து சம்பாதித்த தோசை

ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் மூன்று புள்ளிகள். நல்லெண்ணெய் விட்டு வார்த்த நடுத்தர அளவுத் தோசை ஒன்றுக்கும் ஏறக்குறைய மூன்று புள்ளிகள். 2009இன் இலையுதிர் காலத்தில் நியூ ஜெர்சியில் ஓர் எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் மனப்பாடம் செய்துகொண்ட வாய்ப்பாடு இது. ஆக, ஒரு தோசையின் விலை ஒரு மணி நேர நடை. பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தவன் நான். அவற்றுள் எதுவும் இந்த ஒற்றை வரியைப் போல என் அன்றாடத்தை ஆட்டிவைத்ததில்லை.

இத்தகைய திட்டங்களை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் உணவுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. உங்கள் எடை, வயது, உயரம், பாலினம், பார்க்கும் வேலை ஆகியவற்றை வைத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு படி அளந்து தருவார்கள். எனக்கு 27. அதற்குமேல் வாரத்துக்கு 35 புள்ளிகள் உதிரியாக உண்டு. கல்யாணம், பண்டிகை என்று ஏதேனும் வந்தால் எடுத்துச் செலவழித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் கொடுக்கப்படுபவை. சம்பாதிக்கக்கூடியவையும் சில உண்டு. நடந்தால், ஓடினால், நீந்தினால், தோட்டத்தைக் கொத்தினால் அந்த உழைப்புக்கும் புள்ளி கணக்கிடப்பட்டு உணவுப் படியில் சேரும். குறிப்பேட்டில் இடப்பக்கம் உண்டது, வலப்பக்கம் உழைத்தது. இரவில் கோடு போட்டுக் கழித்து மிச்சத்தைப் பார்க்க வேண்டும். வங்கிக் குமாஸ்தாவின் மகனான எனக்கு அந்தக் குறிப்பேட்டின் மீது ஒருவித மயக்கமே உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

உணவையும் உழைப்பையும் ஒரே நாணயத்தில் அளக்கலாம் என்ற எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1890களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற ஊரில், வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் ஒரு சிறு அறையைக் கட்டினார். அதற்குள் ஓர் ஆளைச் சில நாட்கள் அடைத்துவைத்து, அவன் உண்பது, கழிப்பது, வெளிவிடும் வெப்பம் என அனைத்தையும் அளந்தார். சில சோதனைகளில் உள்ளே இருந்தவன் நிலைமிதிவண்டியையும் மிதித்தான். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று இன்று பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் அச்சாகும் கணக்கு அவர் விட்டுச்சென்றது. 1918இல் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் அந்த அளவையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவருடைய பாடம். அவருடைய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி 1960களின் தொடக்கத்தில் தன் வீட்டில் தோழியரைக் கூட்டி எடை பற்றிப் பேச ஆரம்பித்ததும், 1963இல் அது வெயிட் வாச்சர்ஸ் என்ற நிறுவனமானதும் பலர் அறிந்ததே. புள்ளி முறை அவர் காலத்துச் சரக்கு அன்று. அமெரிக்காவில் அந்த நிறுவனம் 1997இல்தான் அதைக் கொண்டுவந்தது. கலோரியை 50ஆல் வகுத்து, கொழுப்பின் கிராமை 12ஆல் வகுத்துக் கூட்டி, நார்ச்சத்தை 5ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். நார்ச்சத்து 4 கிராமுக்கு மேல் போனால் கணக்கில் வராது. இந்தச் சூத்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார்கள். பிற்காலத்தில் சூத்திரம் பலமுறை மாறிவிட்டது. ஆனால் அன்று அமெரிக்காவெங்கும் புள்ளி என்றால் இதுதான். நான் சேர்ந்த திட்டமும் இந்த வழியில் வந்ததே.

வாராந்தரக் கூட்டம் ஒரு கடைத்தொகுதியில், சலவைக் கடைக்கும் முடி திருத்தகத்துக்கும் நடுவில் இருந்த கூடத்தில் நடக்கும். தடுப்புக்குப் பின்னால் தராசு. செருப்பு, இடுப்பு வார், கைக்கடிகாரம், சட்டைப்பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் களைந்துவிட்டுச் சந்நிதிக்குப் போவதுபோல ஒவ்வொருவராகப் போவோம். இருபத்தைந்து பேரில் ஆண் நான் ஒருவன். இந்தியனும் நான் ஒருவனே. அவர்கள் தந்த கையேட்டில் பீட்சா பதினாறு வகைக்குப் புள்ளி இருந்தது. தோசைக்கு இல்லை. அடை, பொங்கல், வற்றல்குழம்பு எதுவும் இல்லை. மாவை எடைபோட்டு, எண்ணெயைக் கரண்டியால் அளந்து நானே ஒரு பட்டியல் தயாரித்தேன். இட்லி ஒன்று. தோசை மூன்று. மைசூர்பாகு, அதன் அளவுக்கு அநியாய விலை.

உழைப்புப் பட்டியலோ தாராளமானது. தரையைப் பெருக்கித் துடைப்பது, இலை வாருவது, வாசலில் விழுந்த பனியை மண்வெட்டியால் அள்ளிப்போடுவது எல்லாம் பயிற்சியாகக் கொள்ளப்படும். இதற்கு அறிவியல் அடிப்படை ஒன்றும் உண்டு. பார்பரா ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1993இல் மனிதச் செயல்களுக்கான பெரும் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 என்று வைத்துக்கொண்டால், வேக நடை சுமார் 4, சமையல் 2 அல்லது அதற்குச் சற்று மேல் என்று போகும் அது. அந்த ஆண்டுத் தீபாவளிக்குத் தமிழ் நண்பர்கள் கூடிய விருந்துக்கு முந்திய இரண்டு நாட்கள், நான் எங்கள் வீட்டு மேப்பிள் இலைகளை வாரிவிட்டு, கேட்காமலே பக்கத்து வீட்டாரின் இலைகளையும் வாரினேன். அவர் நெகிழ்ந்துபோனார். அந்த அன்பின் பின்னால் நான்கு மைசூர்பாகுகள் இருந்தன என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இத்தனைக்கும் நான் அழகுக்காக எடை குறைக்கப் போனவன் அல்லன். என் தந்தைக்கு 45ஆவது வயதில் சர்க்கரை நோய் கண்டது. சிறுநீரகம் பழுதாகி, கடைசி ஒன்றரை ஆண்டுகள் வாரம் இருமுறை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்காகப் போய்வந்து, 1998இல் காலமானார். 41 வயதில் எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்தபோது மருத்துவர் இரண்டே விஷயங்கள்தான் சொன்னார். கொஞ்சம் எடை குறையட்டும், தினமும் நடங்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் சேர்ந்த திட்டம் ஒன்றோடொன்று கோத்து ஒரே வாக்கியமாக்கியது. நடங்கள், நடந்த அளவுக்குச் சாப்பிடலாம். மருத்துவர் சொன்னதும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில், கணக்கு கணக்காகவே ஒழுகுகிறது. உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறி ஒரு மணி நேர முடிவில் 270 கலோரி என்று காட்டுகிறது என்று வையுங்கள். என் எடையுள்ள ஒருவர் அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்திருந்தாலும் 70 கலோரிக்கு மேல் செலவாகியிருக்கும். பொறி அதையும் சேர்த்தே காட்டும். மாதச் சம்பளத்தையும் மிகைநேரக் கூலியில் சேர்த்து எழுதுவது போன்றது இது. கையில் கட்டிக்கொள்ளும் கருவிகள் வந்தால் எல்லாம் துல்லியமாகிவிடும் என்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் அப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை அவற்றுள் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரிச் செலவில், இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். 93 சதவீதம் பிசகும் தராசை எந்தச் சந்தையிலும் ஒரு நாள் முழுக்க வைத்திருக்க விடமாட்டார்கள்.

இதைவிட ஆழமான ஓட்டை ஒன்று இருக்கிறது. அது கருவியில் இல்லை, உடம்பில் இருக்கிறது. தான்சானியாவின் வடக்கே ஹட்சா என்ற மக்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்கிறார்கள். நாளெல்லாம் நடப்பவர்கள். ஹெர்மன் பாண்ட்சர் என்ற மானுடவியலாளரும் அவரது குழுவினரும் அவர்களது அன்றாட ஆற்றல் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடல் அளவுக்கு ஈடுசெய்து பார்த்தபோது, அது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேலைநாட்டாரின் செலவை ஒட்டியே இருந்தது. ஒரு பக்கம் அதிகம் செலவானால் உடல் வேறெங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பது அவரது கருத்து. எவ்வளவு பிடிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் ஓயவில்லை. 2021இல் 1,754 பேரின் அளவீடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, உழைப்பால் கூடுதலாகச் செலவாகும் 100 கலோரியில் சராசரியாக 72 மட்டுமே நாளின் மொத்தச் செலவில் தெரிகிறது என்று மதிப்பிட்டது. மிச்சத்தை உடல் தன் மற்றச் செலவுகளில் வெட்டிவிடுகிறது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து ஒரு முழுத் தோசையை எடுத்துக்கொண்டவன், இந்தக் கணக்கின்படி, ஒரு விள்ளல் கடன்பட்டவன்.

2010 கோடையில் அம்மா ஆறு மாதம் எங்களோடு தங்க வந்தாள். வந்த நாலாம் நாள் இரவு, நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"ஏண்டா, ஆபீஸ்லேர்ந்து வரே, ஒரு மணி நேரம் வெளில சுத்திட்டு வரே. வந்து நோட்டுல எழுதிட்டுத்தான் தட்டுல கையே வைக்கறே. யாருக்குடா கணக்குக் காட்டறே?"

"ஒரு மணி நேரம் நடந்தா ஒரு தோசை கூட எடுத்துக்கலாம்மா."

"நடக்கலேன்னா?"

"ரெண்டோட நிறுத்திக்கணும்."

கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்போ நடந்துட்டும் ரெண்டோட நிறுத்திக்கோயேன்."

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பாண்ட்சர் கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது இது என்பதை ஒரு குறிப்புக்காகச் சொல்கிறேன்.

தோசையைப் பற்றிய கணக்கு எங்கள் வீட்டில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தது. 1984இல் கிரைண்டர் வரும்வரை அம்மா ஆட்டுக்கல்லில்தான் மாவாட்டினாள். கிணற்றடித் தாழ்வாரத்தில் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, வலக்கையால் குழவியைச் சுற்றி இடக்கையால் மாவைத் தள்ளிவிடுவாள். அரிசிக்கும் உளுந்துக்குமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தத் தோசையில் ஏழெட்டை அப்பா சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டு வங்கிக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். பயிற்சி அம்மா பக்கத்திலும் தோசை அப்பா பக்கத்திலும் பற்று வைக்கப்பட்ட பேரேடு அது. யார் உடம்பில் என்ன நோய் வந்தது என்பதற்கு இதையே காரணமாக்க மாட்டேன். பரம்பரை, வயது என்று இன்னும் பல இருக்கின்றன. ஆனால் உழைத்தவர் கையில் கிடைக்காத உணவு, உண்டவர் செய்யாத உழைப்பு என்பது எங்கள் தெருவில் பல வீடுகளின் நடைமுறையாக இருந்தது. ஐன்ஸ்வொர்த்தின் பட்டியல் அந்தத் தெருவுக்கு வந்திருந்தால் எல்லாப் புள்ளிகளும் பெண்கள் பெயரில்தான் ஏறியிருக்கும்.

அன்று அம்மா இன்னொன்றும் சொன்னாள். திங்கட்கிழமையில் அமாவாசை வந்தால் அமாசோமவாரம். சுமங்கலிகள் அரசமரத்தை 108 முறை சுற்றுவார்கள். எண்ணிக்கை தப்பாமல் இருக்கச் சுற்றுக்கு ஒன்றாக ஏதாவது ஒரு பொருளை வைத்துக்கொண்டே போக வேண்டும். மஞ்சளாக இருக்கலாம், பழமாக இருக்கலாம். ஒரு வருடம் அம்மா அதிரசம் வைத்தாளாம். முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று சுட்டது. "நூத்தெட்டுச் சுத்து, நூத்தெட்டு அதிரசம். எல்லாத்தையும் குடுத்தாச்சு. எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுக்கணும்னு தோணவே இல்லை, போ." சுற்றியதையும் தின்பண்டத்தையும் ஒன்றுக்கு ஒன்றாக எண்ணுகிற கணக்கு அங்கேயும் இருந்திருக்கிறது. புள்ளி முறை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே. அப்பா போன பிறகு அவள் அந்த விரதம் இருப்பதில்லை.

இனி மருத்துவர் சொன்னதற்கு வருகிறேன். நடக்கும்போது தசை சுருங்குகிறது. சுருங்கும் தசை இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாட்களுக்குத் தசைகள் இன்சுலினின் சொல்லைச் சற்றுக் கூடுதலாகக் கேட்கின்றன. பிறகு பழைய செவிட்டுத்தனம் திரும்பிவிடுகிறது. தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள் என்று நீரிழிவு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அதாவது இந்தக் கூலியைச் சேமித்துவைக்க முடியாது. என் குறிப்பேட்டில் சனிக்கிழமை மூன்று மணி நேரம் மலையேறிச் சேர்த்த புள்ளிகள் வியாழக்கிழமையும் செல்லுபடியாயின. என் தொடைத் தசைகளுக்குத் திங்கட்கிழமையே அது காலாவதியாகியிருந்தது. நடையால் கிடைத்த உண்மையான லாபத்துக்கு அந்தக் குறிப்பேட்டில் பத்தியே கிடையாது. அது தோசையாக மாற்றக்கூடிய பகுதியை மட்டும் பார்த்தது.

அமெரிக்க அரசின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. நோயின் வாசலில் நிற்கும் 3,234 பேர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இலக்குகள் இரண்டு. எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடங்கள் உடலை இயக்க வேண்டும். அவர்களும் எண்ணினார்கள். நிமிடத்தை நிமிடமாகவும், உணவின் கொழுப்பைக் கிராமாகவும் தனித்தனியே எண்ணினார்கள்.

நம்மூர் ஆய்வு இன்னும் வியப்பானது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் இதே நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்டது. உணவு, நடை குறித்த அறிவுரை பெற்ற குழுவில் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. நான் இதைப் பலமுறை படித்தேன். தராசு முள் அசையவில்லை, நோய் தள்ளிப்போகிறது. எடைக்கூடத்துத் தடுப்புக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற என் போன்றவர்களுக்கு அந்த ஆய்வில் ஒரு சேதி இருந்தது. அது எங்கள் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த எந்தப் படத்திலும் இல்லை. இன்னொன்று: ஏற்கெனவே உடலுழைப்பு வேலை பார்ப்பவர்களையும், அன்றாடம் அரை மணி நேரத்துக்கு மேல் நடப்பவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையும் அதை அப்படியே தொடரச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கெனத் தனிப் பயிற்சி சொல்லவில்லை.

அதற்காக எண்ணுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. எழுதத் தொடங்கிய பிறகுதான் நான் மாலை நேரத்தில் அறியாமல் கொறித்தது எவ்வளவு என்று தெரிந்தது. ஆறு மாதத்தில் மூன்று கிலோ குறைந்ததும் மெய். புள்ளி என்ற ஆசை இல்லையேல் ஜனவரி மாதக் குளிரில் கதவைத் திறந்து வெளியே போயிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காரும் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர், பேரக்குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டுக்காக வாரம் முழுவதும் நீந்தினார். அந்தத் துண்டைக் குற்றவுணர்வில்லாமல் தின்றேன் என்று அவர் சொன்னபோது கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன். அவருக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் தின்பதற்குக் குற்றவுணர்வு வேண்டியிருக்கிறது, அதைக் கழுவ ஒரு நீச்சல்குளம் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் கூடங்களின் காலமே மங்கிவிட்டது. பசியையே அடக்கும் ஊசிகள் வந்துவிட்டன. செமாக்ளூடைடை எடைக்குறைப்புக்கென அமெரிக்காவில் 2021இல் அனுமதித்தார்கள். 2025 மே மாதம் வெயிட் வாச்சர்ஸ் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பின்னர் அதிலிருந்து மீண்டது. கணக்கு எழுதும் வழக்கம் கைப்பேசிச் செயலிகளுக்குள் குடியேறியிருக்கிறது. நடந்ததைத் தானே அளந்து, அன்றைய உணவுப் படியில் தானே வரவு வைக்கும் செயலிகள் இன்றும் உண்டு. என் மகள் வைத்திருக்கிறாள். அவளுக்கு வயது 22. இரவு பதினொன்றரைக்குச் சமையலறையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பாள். ஏன் என்று கேட்டால் இன்னும் 40 பாக்கி என்பாள்.

நான் இன்னும் குறிப்பேட்டை விடவில்லை. இடப்பக்கம் உண்டது, வலப்பக்கம் நடந்தது. 2011 மார்ச்சுக்குப் பிறகு வலப்பக்கத்தில் நிமிடங்கள் மட்டும் எழுதுகிறேன். குறுக்கே கோடு போட்டுக் கழிப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம், பனிக்காலமானால் எடிசனில் இருக்கும் பேரங்காடியின் உள்ளே, கடைகள் மூடும் நேரத்தில், என்னைப் போன்ற வேறு சில வயதானவர்களோடு. எடை 71இல் நிற்கிறது. திட்டத்தார் எனக்கு எழுதித்தந்த இலக்கு 66. வெறும் வயிற்றுச் சர்க்கரை சென்ற மாதம் 104. அப்பா காலமான வயதை எட்ட எனக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. தோசை இரண்டு, சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று.